துப்பாக்கி உரிமம்: விண்ணப்பம் முதல் கையில் கிடைக்கும் வரை, கோப்பு நிற்கும் இடங்களும் அதை நகர்த்தும் வழிகளும்

துப்பாக்கி உரிமத்துக்கு மனு கொடுத்துவிட்டு, ஆம் என்றோ இல்லை என்றோ எந்தப் பதிலும் வராமல் காத்திருப்பவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர். விசாரித்தால் ஆட்சியர் அலுவலகத்தில் "போலீஸ் ரிப்போர்ட் வரவில்லை" என்பார்கள். காவல் நிலையத்தில் "அனுப்பியாகிவிட்டது" என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்பது மனுதாரருக்குத் தெரியாது.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் இந்த வேலைக்குக் காலக்கெடு வைத்திருக்கின்றன. ஆனால் அந்தக் கெடு எந்த நாளில் தொடங்கியது என்பதற்கு எழுத்தில் சான்று வைத்திருப்பவருக்குத்தான் அது பயன்படும். இந்த வழிகாட்டி முழுக்க நான் அழுத்திச் சொல்லப்போவது அதைத்தான்: ஒவ்வொரு கட்டத்திலும் தேதியோடு ஒரு தாளைக் கையில் வாங்குங்கள்.

உங்களுக்கு எந்த உரிமம் தேவை?

வீட்டில் இருக்கும் எல்லா ஆயுதத்துக்கும் உரிமம் வேண்டியதில்லை. தோட்ட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் உள்ள அரிவாள், கத்தி, கோடரி ஆகியவை இந்தக் கணக்கில் வராது. வாள், பட்டாக்கத்தி போன்று 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுடையவை, வேலைக்கான கருவியாக இல்லாதபோதுதான் ஆயுத விதிகளின் வகைப்பாட்டுக்குள் வருகின்றன. குறைந்த விசையுள்ள .177 ஏர் ரைபிளை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். குண்டு வெளியேறும் விசை 20 ஜூல் என்ற அளவைத் தாண்டினால் அதற்கும் உரிமம் வேண்டும்.

வெடிமருந்தில் இயங்கும் எந்தத் துப்பாக்கியும், பரணில் கிடக்கும் தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி உட்பட, உரிமம் இல்லாமல் இருந்தால் குற்றம். கல்வராயன் மலை, ஜவ்வாது மலை, பச்சைமலைப் பக்கம் இப்படி வைத்திருந்து வழக்கில் சிக்கியவர்கள் உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாமல் சாதாரண வகைத் துப்பாக்கி வைத்திருந்தாலே குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. "குடகில் மட்டும் உரிமம் வேண்டாமாமே?" என்று கேட்பார்கள். குடவர்களுக்கும் ஜம்மா எனும் பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்போருக்கும் சட்டத்தின் 41ஆம் பிரிவின் கீழ் மத்திய அரசு தந்த தனி விலக்கு அது. அதற்கும் 2029 வரை என்று கெடு உண்டு. அதை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் யாரும் எதுவும் கோர முடியாது.

துப்பாக்கிகளில் இரண்டு பெரிய பிரிவுகள் உண்டு. ராணுவமும் காவல்துறையும் பயன்படுத்தும் தோட்டாக்களைச் சுடும் 9 எம்.எம். பிஸ்டல், .303 ரைபிள் போன்றவை தடைசெய்யப்பட்ட அல்லது கட்டுப்படுத்தப்பட்ட வகை. அவற்றுக்கு டெல்லியில் உள்துறை அமைச்சகம்தான் முடிவு செய்யும், சாதாரண மனுதாரருக்கு அநேகமாகக் கிடைக்காது. 12 போர் (bore, குழலின் உள்ளளவு) ஒற்றைக் குழல், இரட்டைக் குழல் துப்பாக்கிகள், .32 ரிவால்வர், .32 பிஸ்டல், .315 ரைபிள் போன்றவை அனுமதிக்கப்பட்ட வகை. இவற்றுக்கான முடிவு மாவட்ட அளவிலேயே எடுக்கப்படும்.

எந்தத் துப்பாக்கி கேட்கிறீர்கள் என்பதிலேயே பாதி வழக்கு அடங்கியிருக்கிறது. சட்டத்தின் 13(3)ஆம் பிரிவு இரண்டு விதமாகப் பேசுகிறது. குறைந்தது 20 அங்குலக் குழல் உள்ள, உட்புறம் வழவழப்பான துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்டால், மறுப்பதற்கான காரணங்கள் எதுவும் இல்லாதபட்சத்தில் அதிகாரி உரிமம் வழங்க வேண்டும் என்கிறது. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்டாலும் அப்படியே. 12 போர் துப்பாக்கி இந்த வழவழப்பான குழல் வகையில் வரும், ரிவால்வரும் பிஸ்டலும் இதில் சேராது. அவற்றுக்கு "தக்க காரணம் இருக்கிறது" என்று அதிகாரி திருப்தி அடைய வேண்டும். தோப்பு வீட்டில் தனியாக இருக்கும் குடும்பம் பாதுகாப்புக்காகக் கேட்கிறது என்றால், ரிவால்வர் என்று எழுதுவதைவிட 12 போர் என்று எழுதுவது சட்டப்படி பலமான கோரிக்கை. ரிவால்வர்தான் வேண்டும் என்று அடம்பிடித்துப் பல ஆண்டுகளை இழப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

யாருக்குக் கிடைக்காது

21 வயது நிரம்பாதவர்களுக்குக் கிடைக்காது (பயிற்சி பெறும் இளம் துப்பாக்கி சுடும் வீரர்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு). மனநலம் குன்றியவர்களுக்குக் கிடைக்காது. வன்முறைக் குற்றத்திலோ ஒழுக்கக்கேடான குற்றத்திலோ தண்டனை பெற்றவர்களுக்கு, தண்டனை முடிந்து 5 ஆண்டு ஆகும் வரை கிடைக்காது. அமைதி காக்கவோ நன்னடத்தைக்கோ பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பவர்களுக்கு, அந்தப் பத்திரத்தின் காலம் முடியும் வரை கிடைக்காது. கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஊர்த் திருவிழாத் தகராறில் இரு தரப்பையும் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) முன் நிறுத்திப் பத்திரம் வாங்குவது நம் ஊர்களில் வழக்கம். உங்கள் பெயர் அப்படி ஒரு பத்திரத்தில் இருந்தால், அதன் காலம் முடிந்த பிறகு மனு போடுங்கள்.

சொத்து போதாது என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று 14(2)ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. "பத்து ஏக்கர் இருந்தால்தான் தருவார்கள்" என்ற ஊர்ப்பேச்சுக்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை.

யாரிடம் விண்ணப்பிப்பது

மாவட்டங்களில் ஆட்சியர், மாவட்ட நடுவர் என்ற முறையில் உரிம அதிகாரி. காவல் ஆணையர் உள்ள மாநகரங்களில் ஆணையர்தான் அதிகாரி. சென்னை, ஆவடி, தாம்பரம், கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருநெல்வேலி, திருப்பூர் ஆகிய இடங்களில் வசிப்பவர்கள், தங்கள் வீடு ஆணையரகத்தின் எல்லைக்குள் இருக்கிறதா, வெளியே மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் எல்லையில் இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். புறநகரில் ஒரே சாலையின் ஒரு பக்கம் ஆணையரகமாகவும் மறுபக்கம் மாவட்டமாகவும் இருக்கும். தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு, மாதங்கள் கழித்து "எல்லை எங்களுடையதல்ல" என்ற குறிப்போடு திரும்பி வரும். உங்கள் பகுதிக் காவல் நிலையம் எது, அது யாருக்குக் கீழே வருகிறது என்று கேட்டாலே போதும்.

ஆவணங்கள்

தனிநபருக்கான விண்ணப்பம் ஏ-1 படிவம். தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தின் இணையதளத்தில் பதிந்து, அச்செடுத்து, கையெழுத்திட்டு, இணைப்புகளோடு அலுவலகத்திலும் கொடுப்பது பாதுகாப்பான வழி. இணையத்தில் பதிந்ததோடு நின்றுவிடாதீர்கள்.

இணைக்க வேண்டியவை: வெள்ளைப் பின்னணியில் எடுத்த சமீபத்திய புகைப்படங்கள், பிறந்த தேதிச் சான்று, ஆதார் அல்லது வேறு அடையாளச் சான்று, முகவரிச் சான்று, உடல்நலமும் மனநலமும் சரியாக உள்ளன என்ற எஸ்-3 படிவ மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்றதற்கான சான்று, வீட்டில் பாதுகாப்பாகப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி. மருத்துவச் சான்றை அரசு மருத்துவமனையில் வாங்குவது நல்லது, பிறகு கேள்வி வராது. போதைப்பொருள், மதுப் பழக்கத்துக்கு அடிமையில்லை என்ற குறிப்பு அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பயிற்சிக்கு உங்கள் மாவட்ட ரைபிள் கிளப்பை அணுகலாம்.

தேவையின் வகையைப் பொறுத்துக் கூடுதல் தாள்கள் சேரும். விவசாயிக்குப் பட்டா, சிட்டா, அடங்கல். வியாபாரிக்கு வருமான வரிக் கணக்கு, தொழில் பதிவு. வங்கிக் காவலர் வேலைக்குப் போகும் முன்னாள் ராணுவத்தினருக்கு பணிவிடுப்புப் புத்தகமும் வேலை தரும் நிறுவனத்தின் கடிதமும். விளையாட்டு வீரர் என்றால் குறைந்தது 2 ஆண்டாகக் கிளப்பில் தீவிர உறுப்பினராக இருப்பதற்கும் போட்டிகளில் கலந்துகொண்டதற்கும் சான்றுகள்.

எல்லாத் தாள்களிலும் பெயரும் முகவரியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஆதாரில் "மு. செல்வம்", பட்டாவில் "செல்வம் த/பெ முத்தையா", வாக்காளர் அட்டையில் பழைய தெரு என்று இருந்தால், விசாரணைக்கு வரும் கிராம நிர்வாக அலுவலர் "மனுதாரர் இந்த முகவரியில் வசிப்பது உறுதிப்படவில்லை" என்று ஒரு வரி எழுதிவிடுவார். அந்த ஒரு வரியை நீக்க மூன்று அலுவலகம் ஏற வேண்டியிருக்கும். சமீபத்தில் வீடு மாறியிருந்தால், முதலில் ஆதாரைத் திருத்திவிட்டு அப்புறம் மனு போடுங்கள். பழைய முகவரியின் காவல் நிலையத்திலிருந்தும் அறிக்கை கேட்பார்கள் என்பதால் அந்த விவரத்தையும் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வழக்கு எதுவும் இருந்ததா என்ற கேள்விக்கு மறைக்காமல் பதில் எழுதுங்கள். காவல்துறையின் கணினிப் பதிவில் பழைய முதல் தகவல் அறிக்கை எல்லாம் ஏறியிருக்கிறது. விடுதலையாகியிருந்தால் தீர்ப்பு நகல், நடவடிக்கை கைவிடப்பட்டிருந்தால் அதற்கான அறிவிப்பு நகல் வாங்கி இணையுங்கள். மறைத்து வாங்கிய உரிமத்தை எப்போது வேண்டுமானாலும் 17ஆம் பிரிவின் கீழ் ரத்து செய்யலாம்.

"எதற்காக?" என்ற கட்டம்

விண்ணப்பத்திலேயே மிக முக்கியமான இடம் இது. ஆனால் பெரும்பாலானவர்கள் இங்கே "தற்காப்புக்காக" என்று ஒற்றைச் சொல் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். விசாரிக்க வரும் உதவி ஆய்வாளருக்கு அதிலிருந்து எழுத எதுவும் கிடைக்காது. "குறிப்பிட்ட அச்சுறுத்தல் ஏதும் இல்லை" என்று அவர் முடித்துவிடுவார். மறுப்பு ஆணைகளில் திரும்பத் திரும்ப வரும் வாக்கியம் அதுதான்.

தனித் தாளில் ஒரு பக்கம் எழுதி இணையுங்கள். விதிகள் கேட்பது தொழில், வேலை, அல்லது வேறு சூழல் காரணமாக உயிரையோ உடைமையையோ பாதுகாக்க உண்மையான தேவை உள்ளதா என்பதை. அதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள். உதாரணமாக:

"என் வீடு ஊரிலிருந்து தள்ளி, தோப்பின் நடுவில் உள்ளது. அருகிலுள்ள காவல் நிலையம் இத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நானும் மனைவியும் வயதான தாயும் மட்டுமே வசிக்கிறோம். இந்தத் தேதியில் எங்கள் பம்ப்செட் அறை உடைக்கப்பட்டது. இந்த எண்ணில் மனு ரசீது பெற்றுள்ளேன். இந்தத் தேதியில் பக்கத்துத் தோப்பு வீட்டில் இரவில் கொள்ளை நடந்து வழக்குப் பதிவானது. எனவே வீட்டுப் பாதுகாப்புக்காக 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றுக்கு உரிமம் வேண்டுகிறேன்."

இதில் உள்ள ஒவ்வொரு வரியையும் விசாரிக்கும் அலுவலர் நேரில் சரிபார்க்க முடியும். அவர் அறிக்கையில் எழுத வேண்டியதை நீங்களே உண்மையோடு எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். அச்சுறுத்தல் வந்தபோதெல்லாம் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது (புகார் மனுவைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் ரசீது) வாங்கி வைத்திருப்பது இங்கேதான் கைகொடுக்கும். புகாரே கொடுக்காமல் "பல முறை மிரட்டினார்கள்" என்று எழுதினால் அதை யாராலும் சரிபார்க்க முடியாது.

பயிர்ப் பாதுகாப்புக்காகக் கேட்கும் விவசாயிகள் ஒன்றைத் தெளிவாக மனதில் வைக்க வேண்டும். துப்பாக்கி உரிமம் இருப்பது விலங்கைச் சுடுவதற்கான அனுமதி ஆகாது. காட்டுப்பன்றி ஆனாலும் மயில் ஆனாலும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தனியாக நிற்கிறது. வெடிச்சத்தம் எழுப்பி விரட்டத்தான் வேண்டும் என்றால் மனுவிலும் அப்படியே எழுதுங்கள். காட்டை ஒட்டிய நிலங்களுக்கு மாவட்ட வன அலுவலரின் கருத்தையும் கேட்பார்கள். வேட்டைக்கு வழி விடும் மனு என்று அவர் நினைத்தால் பாதகமாகவே எழுதுவார், அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

கோப்பு போகும் பாதை

மனு பதிவானதும் ஆட்சியர் அலுவலகம் இரண்டு பக்கமாகக் கடிதம் அனுப்பும். ஒன்று காவல் கண்காணிப்பாளருக்கு. அங்கிருந்து துணைக் கண்காணிப்பாளர், ஆய்வாளர், நிலையம் என்று இறங்கி, அதே படிகளில் திரும்ப ஏறும். காவல்துறையில் தகவல் திரட்டும் தனிப்பிரிவும் விசாரிக்கும். மற்றொன்று வருவாய்த் துறைக்கு. வருவாய்க் கோட்டாட்சியர், வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர் என்று இறங்கி ஏறும். வன எல்லை என்றால் மூன்றாவது கடிதமும் போகும். எல்லா அறிக்கையும் வந்து சேர்ந்த பிறகே ஆட்சியரின் மேசைக்குக் கோப்பு எடுத்து வைக்கப்படும். ஏறவும் இறங்கவும் எட்டுப் பத்து மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வாரம் தங்கினாலே எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் சட்டப்படி கட்டாயமானது அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் அறிக்கை. 2016 விதிகளின்படி அது 30 நாளுக்குள் வர வேண்டும். அறிக்கை வந்த 60 நாளுக்குள் உரிம அதிகாரி, வழங்குகிறேன் அல்லது மறுக்கிறேன் என்று காரணத்தோடு எழுத்தில் ஆணையிட வேண்டும். இன்னொரு முக்கியமான வாசகம் 13ஆம் பிரிவில் இருக்கிறது: குறித்த காலத்துக்குள் காவல் நிலைய அறிக்கை வராவிட்டால், அதற்காக மேலும் காத்திருக்காமல் அதிகாரி ஆணை பிறப்பிக்கலாம். "பிறப்பிக்கலாம்" என்றுதான் இருக்கிறது, கட்டாயம் இல்லை. நடைமுறையில் எந்த ஆட்சியரும் காவல்துறை அறிக்கை இல்லாமல் கையெழுத்துப் போடத் தயங்குவார். அந்தத் தயக்கம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். ஒருவரின் கையில் துப்பாக்கி கொடுக்கும் முடிவு அது. ஆனால் அறிக்கை ஏன் வரவில்லை என்று கேட்டு நினைவூட்டு எழுதும் கடமை அவர் அலுவலகத்துக்கு உண்டு. அதைச் செய்ய வைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

தாமதமானால் செய்ய வேண்டியவை

மனு கொடுத்த அன்றே நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். ஒரு வாரம் கழித்துப் போய், அறிக்கை கேட்டு அனுப்பிய கடிதத்தின் ந.க. எண்ணும் (கோப்புக்கு அலுவலகம் தரும் எண்) தேதியும் என்ன என்று பிரிவு எழுத்தரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் உங்கள் கையில் இல்லாவிட்டால் எந்த அலுவலகத்திலும் யாராலும் கோப்பைத் தேடித் தர முடியாது.

விசாரணைக்கு அழைத்தால் தள்ளிப் போடாதீர்கள். வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் இதில்தான் சறுக்குகிறார்கள். நிலையத்திலிருந்து ஆள் வந்து பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுப் போனால் "மனுதாரர் ஆஜராகவில்லை" என்று எழுதப்படும். கூடுதல் ஆவணம் கேட்டு வரும் குறிப்பாணைக்கும் இப்படித்தான். பதில் வராவிட்டால் மனுவை முடித்து வைத்துவிடுவார்கள், அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. கேட்ட ஆவணத்தை விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி ரசீதை வைத்திருங்கள், அல்லது நேரில் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

30 நாள் தாண்டியும் காவல்துறை அறிக்கை வரவில்லை என்று தெரிந்தால், முதலில் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு ஒரு பக்கக் கடிதம். ந.க. எண், தேதி, எந்த நிலையம் என்ற விவரம் போதும். கோபம் வேண்டாம். திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் நாள் கூட்டத்தில் ஆட்சியரிடமே மனு கொடுக்கலாம். அங்கே கொடுக்கும் மனுவுக்கு எண் உண்டு, பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயமும் உண்டு. முதல்வரின் முகவரி தளத்திலும் பதியலாம், ஆனால் அது சுற்றி வந்து அதே பிரிவு எழுத்தரின் மேசையில்தான் நிற்கும்.

இவற்றைவிடக் கூர்மையான கருவி தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் தர வேண்டியதில்லை என்று சொல்லித் தப்பிக்க வழி உண்டு. கேட்க வேண்டியவை இவை: என் மனு எந்தத் தேதியில் பதிவு செய்யப்பட்டது, அறிக்கை கோரி எந்தெந்த அலுவலகத்துக்கு எந்தத் தேதியில் கடிதம் அனுப்பப்பட்டது, எந்தெந்த அறிக்கை எந்தத் தேதியில் பெறப்பட்டது, அனுப்பிய நினைவூட்டுகளின் தேதிகள், கோப்பு இன்று எந்த அலுவலரிடம் எந்தத் தேதியிலிருந்து உள்ளது. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும், வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. பல நேரம் இந்த மனு போய்ச் சேர்ந்ததுமே கோப்பு நகரத் தொடங்கிவிடும். நகராவிட்டாலும் தேதிகள் எல்லாம் அரசு அலுவலகத்தின் கையெழுத்தோடு உங்களுக்குக் கிடைத்துவிடும்.

அந்தத் தேதிகள் உயர் நீதிமன்றத்தில் உதவும். அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின் கீழ், மனுவின் மீது முடிவெடுக்க உத்தரவிடுமாறு கோரி ரிட் மனு போடலாம். தென் மாவட்டத்தார் மதுரைக் கிளையை அணுக வேண்டும். நீதிமன்றம் உரிமம் கொடு என்று சொல்லாது. இத்தனை வாரத்துக்குள், தகுதியின் அடிப்படையில் ஆணையிடு என்று சொல்லும். இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமை அல்ல. ஆனால் கொடுத்த மனுவுக்குச் சட்டம் சொன்ன காலத்தில் பதில் பெறுவது உங்கள் உரிமை, அதற்காக நீதிமன்றம் போவதில் தயக்கம் வேண்டாம்.

இடைத்தரகர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. "எனக்கு ஆள் இருக்கிறது" என்று பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வேறு மாநில முகவரியில் உரிமம் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். தேசியத் தரவுத்தளத்தில் தனி அடையாள எண் இல்லாத உரிமம் செல்லாது. போலி உரிமத்தோடு பிடிபட்டால் சிறைக்குப் போவது நீங்கள்தான்.

மறுத்துவிட்டால்

மறுப்புக்கான காரணத்தை அதிகாரி எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் கேட்டால், பொதுநலனுக்கு ஊறு என்று அவர் கருதினால் ஒழிய, அதன் சுருக்கத்தைத் தர வேண்டும். ஆணையை வாங்கிய நாளைக் குறித்து வையுங்கள். 18ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீட்டுக்கு உள்ள அவகாசம் 30 நாள். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் மன்னிப்பார்கள், ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். மேல்முறையீட்டில் புதுக்கதை சொல்வதால் பயனில்லை. ஆணையில் சொன்ன ஒவ்வொரு காரணத்துக்கும் வரிசையாகப் பதிலும் ஆதாரமும் கொடுங்கள். "அச்சுறுத்தல் இல்லை" என்றால் மனு ரசீதுகளை வையுங்கள். "வழக்கு நிலுவை" என்றால் வழக்கின் இன்றைய நிலையைக் காட்டுங்கள்.

உரிமம் கிடைத்த பிறகு

உரிமத்தில் குறித்த காலத்துக்குள் உரிமம் பெற்ற விற்பனையாளரிடமிருந்தோ, வேறொரு உரிமதாரரிடமிருந்து உரிய அனுமதியோடோ துப்பாக்கி வாங்கி, அதை அதிகாரியிடம் காட்டி, எண்ணைப் பதிய வேண்டும். உள்நாட்டில் தயாராகும் .32 ரிவால்வர் பெரும்பாலும் கான்பூர் தொழிற்சாலையில் செய்யப்படுவது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் அந்தக் கான்பூர் தொழிற்சாலையும் 2021 அக்டோபர் முதல் ஒரே பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் இயங்குகின்றன. ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். 2019க்கு முன் 3 இருந்தது.

வெளியே எடுத்துப் போவதற்கான விதிகள் கண்டிப்பானவை. கைத்துப்பாக்கி என்றால் உறையில், நீளத் துப்பாக்கி என்றால் அதற்கான பையில், முழுதும் மறைந்திருக்க வேண்டும். உரிமப் புத்தகம் கூடவே இருக்க வேண்டும், காவலர் கேட்டால் காட்ட வேண்டும். உரிமம் எந்த எல்லைக்குச் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். மாவட்டம் என்று இருந்தால் மாவட்டத்தைத் தாண்டக் கூடாது. கல்யாண ஊர்வலத்தில் சந்தோஷத்துக்கு வானத்தைப் பார்த்துச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வீட்டில் தோட்டாவை இறக்கிவிட்டு, இரும்புப் பெட்டியில் பூட்டி வையுங்கள். தோட்டாவைத் தனியாகப் பூட்டி, சாவியை நீங்கள் மட்டும் வைத்திருங்கள். வீட்டில் யாராவது மனச்சோர்விலோ குடிப்பழக்கத்திலோ இருந்தால், அவர்கள் தேறும் வரை துப்பாக்கியை வீட்டைவிட்டு அகற்றி, உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ காவல் நிலையத்திலோ ஒப்படையுங்கள். இதைத் தள்ளிப் போட வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

தேர்தல் காலம்

தேர்தல் தேதி அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்பு வரும். ஒப்படைத்ததற்கு ரசீது வாங்குங்கள், துப்பாக்கியின் எண்ணும் அப்போதைய நிலையும் அதில் எழுதப்பட்டிருக்கட்டும். வங்கிக் காவலர்கள், போட்டிக்குத் தயாராகும் வீரர்கள் விலக்கு கேட்டு மாவட்டக் குழுவுக்கு விண்ணப்பிக்கலாம். புது மனுக்களும் இந்தக் காலத்தில் அநேகமாக அப்படியே நின்றுவிடும், காவலர்கள் அனைவரும் பந்தோபஸ்தில் இருப்பார்கள். தேர்தல் நெருங்கும்போது மனு போடுவதாக இருந்தால் அந்த மாதங்களைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதுப்பித்தலும் வாரிசும்

உரிமம் 5 ஆண்டு செல்லும். காலம் முடிந்த உரிமத்தோடு வீட்டில் இருக்கும் துப்பாக்கி, உரிமமே இல்லாத துப்பாக்கிக்குச் சமம். முடிவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், ஏனென்றால் புதுப்பிக்கவும் காவல்துறை அறிக்கை கேட்பார்கள். கெடு தாண்டிவிடும் போல் தெரிந்தால் துப்பாக்கியை ஒப்படைத்து ரசீது வாங்கிவிடுங்கள்.

உரிமதாரர் இறந்துவிட்டால், துப்பாக்கியைத் தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ குடும்பத்தார் ஒப்படைக்க வேண்டும். துக்க வீட்டில் இது யாருக்கும் நினைவுக்கு வராது என்பதால், உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே வீட்டாரிடம் சொல்லி வைக்க வேண்டும். அதன் பிறகு வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்கலாம், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதங்களும் வாரிசுச் சான்றும் தேவைப்படும். இறப்பு வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, உரிமதாரரே தன் வாரிசுகளில் ஒருவரைக் குறிப்பிட்டு அவர் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். அந்த வாரிசுக்கும் 21 வயது, மருத்துவச் சான்று, பயிற்சி, காவல்துறை அறிக்கை என்று எல்லாம் முதலிலிருந்து பார்ப்பார்கள். அப்பாவுக்கு 70 ஆன வருடமே இதைத் தொடங்கிவிட்டால், மகனோ மகளோ அவசரமில்லாமல் ஒவ்வொரு தாளையும் சேர்த்து முடிக்கலாம்.